தன் எண்ணுக்கு மட்டும் விழித்த வோக்கி

எங்கள் அம்புலன்ஸ் சங்கத்தின் அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். தலைவர் ஃபாதர் ஜெரோம், பொருளாளர் சண்முகம் முதலாளி, அம்புலன்ஸ் ஓட்டும் ராசிக் நானா, ரேடியோ மேசையில் இருந்த நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர், எல்கடுவப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மருத்துவிச்சியான பிலோமினா மிஸியம்மா. கூட்டமே அவர் கையிலிருந்த வோக்கி-டோக்கியை, எங்கள் பேச்சில் வோக்கியை, பற்றித்தான். மற்றவள் மேற்கணக்கு என்ற தோட்டப் பிரிவில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கும் செல்வராணி. அவளை யாரும் அழைக்கவில்லை. ஆனால் அன்று பேசிய ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் அவள் நின்றாள்.

இந்த மேசையில் இனி உட்காரப் போகிற உங்கள் மூவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு பெறுகிற வயதில்லை, காது மட்டும் ஓய்வு கேட்கிறது. ரேடியோ செட்டை எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்ட முடியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

போர் நிறுத்தம் இருந்த வருடங்கள் அவை. மாதா கோயிலும் அம்மன் கோயிலும் டவுன் வியாபாரிகளும் சேர்ந்து எட்டுத் தோட்டங்களுக்கு ஒரு அம்புலன்ஸ் நடத்தினோம். மாத்தளை டவுனில் முதலாளியின் கடைப் பின்னறையில் பெரிய செட், தோட்டத்துக்கு ஒரு வோக்கி, மிஸியம்மாவுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை. வோக்கி என்றால் அந்த நாளில் விளையாட்டுச் சாமான் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். கஷ்டப்பட்டு வாங்கிய அனுமதியை நம்மவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? தேயிலைக் கொழுந்து லொறி எங்கே, சாக்கு எத்தனை, துரை பங்களாவில் இருக்கிறாரா இல்லையா என்று பேசத்தான். காலையில் தொடங்கினால் அந்தியாகும் வரை ஓயாது.

அந்த இரைச்சல் முழுக்க மிஸியம்மாவின் பையிலும் கேட்கும். அவர் லயம் லயமாக நடப்பவர். பச்சைப் பிள்ளை தூங்குகிற அறைக்குள் போகும்போது வோக்கியை அணைப்பார். வெளியே வந்து போட மறப்பார். மறக்காத நாளில் மத்தியானத்துக்குள் பெட்டரி இறங்கிவிடும். அப்படி அணைந்திருந்த ஒரு நாளில்தான் செல்வராணிக்கு முதல் பிரசவம். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மிஸியம்மா இரண்டு லயம் தள்ளித்தான் இருந்திருக்கிறார். அவருக்கு ஆள் போய்ச் சொல்லி, அவர் ஓடி வருவதற்குள் பிள்ளை போய்விட்டது. இப்போது செல்வராணிக்கு மறுபடியும் எட்டு மாதம்.

பிலோமினா மிஸியம்மா கூட்டத்துக்கு வராமல் ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தார். ராசிக் நானா அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

“‘எட்டுத் தோட்டத்துச் சாக்குக் கணக்கையும் சுமந்துகிட்டு என்னால நடக்க ஏலாது. என்னைய மட்டும் கூப்பிடுற செட் ஒண்ணு குடுங்க, இல்லாட்டி இதத் திருப்பி எடுத்துக்கங்க’ன்னு சொன்னாங்க ஃபாதர்.”

“திருப்பி எடுத்து ஃபெக்டரிக்குக் குடுத்துருவோம்” என்றார் முதலாளி. “அவங்களாவது அணைக்காம வச்சிருப்பாங்க.”

“ஒருத்தர மட்டும் கூப்பிடுற செட் இருக்கு ஐயா” என்றேன். பெரிய செட்டில் யாரும் தொடாத ஒரு வரிசைப் பொத்தான்கள் உண்டு. ஐந்து இலக்கம் அழுத்தினால் ஐந்து சுரம் போகும். அந்த ஐந்து சுரமும் தனக்குத்தான் என்று புரிந்துகொள்ளக்கூடிய வோக்கி எதிர்ப்பக்கம் இருந்தால், அது நாள் முழுக்க வாயை மூடிக் கிடந்து, தன்னைக் கூப்பிடும்போது மட்டும் மணியடிக்கும்.

“எல்லாம் ஒரே அலைவரிசையில வருது. அது எப்பிடி அதுக்குத் தெரியும்?”

“காலையில வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டுக்கு அடிக்கிற தப்பும் சாவுக்கு அடிக்கிற தப்பும் ஒரே தப்புதாங்க. அடி கேட்டவொடனே எதுக்குன்னு நம்ம ஆளுகளுக்குத் தெரியல்லையா?”

ஃபாதர் சிரித்தார். “அடுத்த மாசக் கூட்டம் வரைக்கும் தம்பிக்கு நேரம் குடுப்போம்.”

“செலவு எவ்வளவு வரும்?” என்றார் முதலாளி. பழைய செட் ஒன்று நாலாயிரம் வரலாம் என்றேன்.

“அவ்வளவா?”

அவர் எதற்கும் அதைத்தான் கேட்பார். அம்புலன்ஸுக்கு டயர் மாற்றினாலும் அவ்வளவா, அறைக்கு ஒரு விளக்குமாறு வாங்கினாலும் அவ்வளவா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதில் ஒரு தொல்லை உண்டு, உங்களிலும் சிலருக்கு இருக்கும். இவனுக்கு எல்லாம் தெரியும் என்று வீடும் லயமும் நம்புவதால், தெரியாது என்று சொல்ல நாக்கு வராது. கொழும்பில் நான் போன கடையில் அது எனக்கு நன்றாகவே வேலை கொடுத்தது. கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் புது வோக்கி ஒன்றை எடுத்து அழுத்தினார். பீ-பூ-பீ-பூ-பீ என்று அழகாக ஐந்து சுரம் வந்தது.

“இதான் நீங்க கேட்டது. எடுத்துட்டுப் போங்க.”

தலையாட்டிவிட்டு வாங்கி வந்திருப்பேன். கொஞ்சம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “இது கூப்பிடுது சேர். கூப்பிட்டா இதுக்குக் கேக்குமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?”

“எனக்குத் தெரியாதுங்க. ஒருக்கா கூப்பிட்டுக் காட்டுங்க.”

இன்னொரு செட்டிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியிலிருந்த தாளை இருவருமாகப் படித்தோம். சுரம் அனுப்பும், வாங்கிப் பிரித்தறியாது. அதற்கு வேறு ஒரு பலகை உள்ளே போட வேண்டும், அந்தப் பலகை இலங்கைக்கு வருவதில்லை. முதல் பாடம் இதுதான். கூப்பிடத் தெரிந்த செட் எங்கும் கிடைக்கும். கேட்கத் தெரிந்ததைத்தான் தேட வேண்டும். கடைக்காரர் சொல்வதைக் கொண்டு வாங்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள்.

நல்ல செய்தியைக் கொண்டு வந்தவர் ராசிக் நானா. நோயாளி ஒருவரை விட்டுவிட்டு வரும் வழியில் நாவுலவில் தேத்தண்ணி குடித்திருக்கிறார். அணைக்கட்டு வேலைக்கு வந்த வெளிநாட்டுக் கம்பெனியொன்று முகாமைக் கலைத்தபோது, அதன் சாமான்களை அங்கே ஒரு பழைய இரும்புக்கடை முதலாளி மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கிறாராம்.

“வெங்காயச் சாக்கு நெறய வோக்கி தம்பி. வெள்ளக்காரன் சாமான். ஒவ்வொண்ட முதுகுலயும் அஞ்சு இலக்கம் ஒட்டி ஈக்கிது.”

அஞ்சு இலக்கம் என்றதும் நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்.

இரும்புக்கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, வோக்கிகளை சார்ஜில் போடச் சொல்லி, முதுகிலுள்ள இலக்கங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த ஊருக்குப் பெரிய செட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் அதன் குரலைக் கொண்டு போகலாம். ஒவ்வொரு இலக்கத்தையும் பெரிய செட்டில் அழுத்தி, காற்றில் வந்த சுரத்தைப் பக்கத்துச் செட்டில் பிடித்துக் கசெட்டில் பதிந்தேன். கடையில் ஒரு வோக்கியின் வாயருகே இந்தக் கசெட்டை ஓட்டினால் மற்ற வோக்கிகளில் எது விழிக்கிறது என்று தெரிந்துவிடும். கடைக்குள் சோதித்துக் காட்ட அவரிடம் அனுமதி இருந்தது.

கசெட் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு நாவுல பஸ்ஸில் ஏறியதுதான் வினை. அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச். பக்கத்தில் இருந்தவர் மடியைப் பார்த்தார்.

“மல்லி, ஸ்கோர் என்னான்னு ஒருக்கா பாப்பமா?” சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

ஒருக்கா பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது? போட்டேன். பின்சீட்டுக்காரர்கள் கொஞ்சம் சத்தமாக என்றார்கள். கண்டக்டர் டிக்கட் கிழிப்பதை விட்டுவிட்டு வந்து நின்றார். பலாபத்வல தாண்டியபோது நம் பக்கம் ஒரு சிக்ஸர் அடிக்க, டிரைவர் ஹோர்ன் அடித்தார். அதற்குப் பிறகு அதை அணைக்க எனக்கு மனமும் இல்லை, அணைத்திருந்தால் பஸ்ஸில் இருக்க இடமும் கிடைத்திராது.

கடைக்காரர் சாக்கிலிருந்து சார்ஜ் ஏறிய ஆறு வோக்கிகளை மேசைமேல் அடுக்கி வைத்திருந்தார். ஒன்றைப் பேசுவதற்கு எடுத்துக்கொண்டு கசெட்டை ஓட்டினேன். முதல் இலக்கம். ஒன்றும் அசையவில்லை. இரண்டாவது. இல்லை. நாடா முடியும் வரை ஓட்டியும் ஐந்தும் கல் மாதிரிக் கிடந்தன. பேசிய செட்டை மாற்றி எடுத்துப் பார்த்தேன். அப்போதும் அதே கதைதான்.

“மல்லி, பாட்டு நல்லா இல்ல போல” என்றார் கடைக்காரர். கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். “சாக்கோட எடுங்க, வெல கொறச்சுத் தாறேன். புள்ளைங்க வெளயாடட்டும்.”

மாதக் கடைசியில் கூட்டம். செல்வராணிக்கு நாள் நெருங்குகிறது. வேறு எங்கேயும் இப்படி ஒரு குவியல் இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றுதான் கால் சொன்னது. நான் உட்கார்ந்தேன். உங்களுக்குச் சொல்வது இதைத்தான். எல்லாம் ஒரேயடியாகக் கெட்டுப்போனால், எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிற ஒன்றைப் பாருங்கள். ஆறு செட்டும் ஒன்றுபோலச் செத்திருக்க முடியாது. ஆறுக்கும் பொதுவாக இருந்தது என் கசெட்.

இன்னொரு தடவை, வோக்கியில்லாமல், வெறும் காதால் கேட்டேன். அந்தச் சுரங்களை நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்த காது இது. கேட்டவுடன் பிடிபட்டது. சளி பிடித்தவன் பாடுகிற மாதிரி எல்லாச் சுரமும் கீழே இறங்கியிருந்தது. கிரிக்கெட் கேட்டுக் கேட்டுப் பெட்டரி இறங்கி, நாடா மெதுவாக ஓடுகிறது. நம் காது மன்னிக்கும். இந்தச் செட் மன்னிக்காது. சுரம் ஒரு மயிரிழை தாழ்ந்தாலும் தன் பெயரில்லை என்று திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

எதிர்க்கடைக்கு ஓடிப் புதுப் பெட்டரி நாலு வாங்கிப் போட்டேன்.

முதல் இலக்கம். இல்லை. இரண்டாவது. இல்லை. மூன்றாவது இலக்கம் முடிந்ததும் மேசைக் கோடியில் கிடந்த வோக்கி கிணுகிணுவென்று அடித்து, நெற்றியில் சிவப்பு விளக்கும் மின்னியது.

“அம்மோ! எந்திரிச்சிட்டான்!” என்று கத்தினார் கடைக்காரர். சிரித்தவர்களெல்லாம் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். “இன்னொருக்கா போடுங்க, இன்னொருக்கா!” மிச்ச இலக்கங்களையும் ஓட்டி, பேசிய செட்டையும் மாற்றிப் பார்த்ததில், ஆறில் கேட்கத் தெரிந்தது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் கூப்பிட மட்டும் படைக்கப்பட்டவை. விலை பேசும்போது அவர் சாக்கு விலையை மறந்துவிட்டார், அது வேறு கதை.

திரும்பும் வழியில் பலாபத்வல சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். தமிழ்ப் பையன், பைக்குள் வோக்கி, கையில் கசெட். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆமிக்காரர் என்னை இறக்கிக் கசெட்டை ஓட்டினார். பீ-பூ-பீ-பூ-பீ. இன்னொருவரும் வந்து நின்றார்.

“இது என்ன?” என்றார் சிங்களத்தில்.

“மிஸ் நோனாவைக் கூப்பிடுகிற சத்தம் சேர். தோட்டத்து மருத்துவிச்சி.” சங்கத்தின் கடிதத்தையும் அனுமதியின் பிரதியையும் நீட்டினேன்.

அவர் வாசித்தார். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. வோக்கியை என் கையில் வைத்தார். “அப்படியென்றால் கூப்பிட்டுக் காட்டு.”

செய்து காட்டச் சொல்லுங்கள் என்று சற்றுமுன் எழுதியவன் நான்தான். ஆனால் இந்த இடத்தில் செய்து காட்டியிருந்தால் இன்று உங்களுக்கு எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கடைக்காரரின் அனுமதி அவர் கடைக்குள்தான். இந்த இலக்கம் நம் அனுமதியில் ஏறும்வரை ரோட்டில் நான் பேசுபொத்தானைத் தொடக்கூடாது.

“முடியாது சேர். அனுமதியில் இந்தச் செட்டைச் சேர்க்கும்வரை எனக்கு உரிமையில்லை. அதனால்தான் பெட்டரியைக் கழற்றி வேறு பையில் போட்டிருக்கிறேன்.”

பெட்டரி இருந்த பையையும் திறந்து காட்டினேன். அவர் வோக்கியைத் திருப்பி, காலியாக இருந்த பெட்டரி இடத்தைப் பார்த்தார். முகம் மெல்ல இளகியது.

“நீ அழுத்தியிருந்தால் உன்னை வைத்திருப்பேன்” என்றார். பிறகு, “எங்கள் ஊர் மிஸ் நோனாவுக்கும் இப்படி ஒன்று இருந்தால் நல்லது.”

அனுமதியில் சேர்த்து, கண்டியில் ஒரு தொழில்நுட்பக்காரரிடம் கொடுத்து நம் அலைவரிசைக்கு மாற்றி, மிஸியம்மா கையில் கொடுத்தேன். கூட வந்திருந்த என் அம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டார். மிஸியம்மா அதைக் காதருகே பிடித்துப் பார்த்தார்.

“சத்தமே இல்லையே தம்பி.”

“அதுதான் மிஸி அதோட வேலை.”

அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். சந்தோஷமில்லாதவர் சண்முகம் முதலாளி. மேசைக்கு வந்து காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். தோட்டத்து வோக்கிகள் எட்டும் கத்தின, புதியதிலிருந்து ஒரு மூச்சு இல்லை.

“செத்த சாமானப் போய் நாலாயிரத்துக்கு வாங்கியிருக்க.”

கூப்பிட்டுக் காட்டினேன். மிஸியம்மா பேசினார். அரை மணியில் முதலாளிக்கு மறுபடியும் சந்தேகம். ஃபாதர் வந்தார், அவருக்கும் கேட்க ஆசை. ராசிக் நானா தன் பங்குக்கு ஒன்று. கோயில் தர்மகர்த்தா, அவருடைய மச்சான். பின்னேரம் மிஸியம்மாவின் குரல் வந்தது.

“தம்பி, உங்க பெரியாளுகள்ட்ட சொல்லுங்க. இன்னும் ஒருக்கா ‘சும்மாதான் கூப்பிட்டேன்’னு யாராவது சொன்னா, இது ஆத்துல கெடக்கும்.”

அன்றைக்கு ஒரு விதி வைத்தேன், இன்றும் அதுதான் விதி. காலைப் பெரட்டு முடிந்ததும் ஒரே ஒரு சோதனை அழைப்பு. அதில் மிஸியம்மா இன்றைக்கு எந்தப் பக்கம் போகிறார் என்று சொல்லுவார். அலை எட்டாத பள்ளத்துக்குப் போவதாக இருந்தால், ஒவ்வொரு லயம் முடிந்ததும் மேட்டு வளைவுக்கு ஏறிக் கொஞ்சம் நிற்பார். அதன் பிறகு காரணமில்லாமல் யாரும் அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது, ஃபாதராக இருந்தாலும். மௌனத்தை நம்பப் பழகாதவன் இந்த மேசைக்கு லாயக்கில்லை.

கூட்டத்துக்கு முந்தின வாரம், கொழுந்து நிறுக்கிற நேரத்தில், தொழிற்சாலைக் கிளாக்கர் செட்டில் வந்தார். “செல்வராணிக்கு வலி கண்டிருச்சு. நாளுக்கு முந்தி.”

இலக்கத்தை அழுத்தினேன். பதில் இல்லை. காலையில் மிஸியம்மா சொன்னது நினைவிருந்தது. ஆற்றோரத்து லயம், பள்ளம்.

முதலாளி அறையில்தான் இருந்தார். முகம் வெளுத்துவிட்டது. “அந்தச் சாமான் மறுபடியும் செத்திருச்சு! ராசிக்க அனுப்பு, மிஸியத் தேடிப் புடிச்சுக்கிட்டு வரட்டும்.”

“நானா, மேற்கணக்குக்குப் போங்க” என்றேன். “நேரா செல்வராணி லயத்துக்கு.”

“மிஸி இல்லாம வண்டி போய் என்னடா செய்யும்?”

“மிஸி வளைவுக்கு ஏறுவாங்க ஐயா. சொல்லியிருக்காங்க. வண்டி அவங்களத் தேடி ஆத்துக்கு எறங்கினா, செல்வராணிகிட்ட வண்டியும் இருக்காது, மிஸியும் இருக்க மாட்டாங்க.”

மறுபடியும் அழுத்தினேன். இல்லை. அவர் என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன தடவையும் இந்த அறையில் இப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே விரலை வைத்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். காற்றில் ஒரு சத்தமும் இல்லை. அந்த ஐந்து சுரம் மற்ற எட்டு வோக்கிகளிலும் வெறும் சுரமாகக் கேட்கும். இத்தனை நாளில் தோட்டத்துக்காரர்களுக்கும் அது பழகியிருந்தது. கொழுந்துக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு எட்டுத் தோட்டமும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.

மூன்றாவது தடவை.

“சொல்லுங்க தம்பி, மிஸி பேசுறேன். வளைவுல நிக்கிறேன்.”

“மேற்கணக்கு, செல்வராணி. வண்டி போய்க்கிட்டிருக்கு.”

“குறுக்குப் பாதையில ஏறுறேன்.” பிறகு மூச்சிரைப்பு மட்டும், அதுவும் நின்றது.

மிஸியம்மா போய்ச் சேர்ந்து, செல்வராணியை வண்டியில் ஏற்றிப் பாதி மலை இறங்குவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். மிஸியம்மா அதை எடுத்துவிட்டு, தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் அறைக்குள் வந்தது வேறு. ராசிக் நானா வண்டி மைக்கை அழுத்திப் பின்பக்கம் நீட்டியிருக்கிறார். எட்டுத் தோட்டத்திலும், என் மேசையிலும், ஒரு பிள்ளை தொண்டை கிழியக் கத்தியது. விதிப்படி அது அலைவரிசையைத் தவறாகப் பயன்படுத்துதல். அன்றைக்கு விதி பேச எனக்கு வாய் வரவில்லை.

“பொம்புளப் புள்ள!” என்றார் ராசிக் நானா. “எட்டுத் தோட்டத்துச் சாக்கும் இவ சத்தத்துக்கு ஈடாகாது!”

அடுத்த கூட்டத்துக்கு ஃபாதர், முதலாளி, ராசிக் நானா, நான், பிலோமினா மிஸியம்மா, பிள்ளையோடு செல்வராணி எல்லோரும் வந்திருந்தோம். வராதவர் யாருமில்லை. மிஸியம்மாவின் வோக்கி மேசைமேல் வாயை மூடிக் கிடந்தது. அதைச் செத்த சாமான் என்று யாரும் சொல்லவில்லை.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மொத்தச் செலவைக் கேட்டார். செட், கண்டிக்காரர் கூலி, பஸ் டிக்கட் எல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, கிரிக்கெட்டுக்குப் போன நாலு பெட்டரியையும் சேர்த்துச் சொன்னேன். அவர் செல்வராணியின் மடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அவ்வளவுதானா?”

அவ்வளவுதான். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்.